கடைசிப் பந்தி

‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்பது நமக்கெல்லாம் தெரிந்த பழமொழி. அது வலது கையைப் பற்றிச் சொன்னது. சாப்பிடும்போது கை முன்னால் வரும், அம்பு தொடுக்கும்போது பின்னால் போகும் என்று விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு. எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும் அது ஆணிடம் சொன்ன பழமொழிதான். பெண்கள் படைக்கும் போகவில்லை, பந்திக்கும் முந்தவில்லை. சமைத்தவர்கள், பரிமாறியவர்கள், எல்லோரும் எழுந்த பிறகு சட்டியைச் சுரண்டிச் சாப்பிட்டவர்கள் என்றுதான் நம் வீட்டுப் பந்தியின் வரலாற்றில் அவர்களுக்கு இடம்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. வீட்டுச் சமையல் அழிந்துவிட்டது, குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் போய்விட்டது என்ற புலம்பலை எங்கும் கேட்கிறேன். கல்யாண வீட்டில், பட்டிமன்ற மேடையில், உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் என்று இது இல்லாத இடமில்லை. புலம்பலோடு காரணமும் தயாராக வருகிறது: பெண்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். ‘அந்தக் காலத்தில் குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்’ என்று முடிப்பார்கள்.

நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவள். ‘அந்தக் காலத்தில்’ என்று யார் ஆரம்பித்தாலும் எந்த ஆண்டு, எந்த ஊர், யார் வீடு என்று கேட்பது தொழில் பழக்கம். வீட்டுச் சமையல் முக்கியம், சேர்ந்து உண்பது முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முக்கியம் என்பதாலேயே அதன் வரலாற்றைப் பொய்யாகச் சொல்லக் கூடாது என்கிறேன்.

யாருடைய அந்தக் காலம்?

அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணிப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்த குடும்பம் எங்களுடையது. சாப்பாட்டுக்குக் குறைவில்லாத வீடு. நீங்கள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவீர்களா என்று என் ஆச்சியிடம் ஒருமுறை கேட்டேன். “சேந்து சாப்புடுததா? அது என்னது?” என்றாள். “ஆம்பளைங்க சாப்ட்டு எந்திச்ச பொறவு புள்ளைங்களுக்குப் போடுவோம். அவங்களும் எந்திச்சிட்டா அடுக்களையில உக்காந்து கெடக்கத நாங்க சாப்புடுவோம். கொழம்பு மிஞ்சினா கொழம்பு. இல்லன்னா மோரும் ஊறுகாயும்.”

ஆச்சி வருத்தத்தோடு சொல்லவில்லை. மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னாள். ஆச்சியின் அம்மா காலத்தில் கணவன் சாப்பிட்ட இலையிலேயே மனைவி சாப்பிடுவது வழக்கமாம். பல சாதிகளில் இருந்த வழக்கம்தான் இது. அதற்குப் பதிபக்தி என்று பெயர். ஒரே இலையில் இருவரும் சாப்பிட்டார்கள் என்று இதையும் ‘சேர்ந்து உண்டது’ கணக்கில் வைக்கலாம். யார் முதலில், எது மிச்சம் என்று கேட்காதவரை.

அது நிலம் இருந்த வீட்டின் கதை. அங்கிருந்து கொஞ்சம் வடக்கே போனால் கரிசல் காடு. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பு வரை நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற நாளெல்லாம் கம்பும் சோளமும் கேழ்வரகும் குதிரைவாலியும். கம்பஞ்சோறு பற்றி இன்று பாரம்பரிய உணவுத் திருவிழாக்களில் பெருமையாகப் பேசுகிறோம். அது சட்டிக்குள் போவதற்கு முன்னால் நடந்ததைப் பேசுவதில்லை. கம்பில் தண்ணீர் தெளித்து உரலில் போட்டுக் குத்த வேண்டும், உமி போகப் புடைக்க வேண்டும், மறுபடி குத்தி நொறுக்க வேண்டும். தண்ணீர் எடுத்து வர வேண்டும். சுள்ளி பொறுக்க வேண்டும், இல்லையென்றால் வரட்டி தட்டிக் காயவைத்திருக்க வேண்டும். இத்தனையும் செய்கிறவள் பகலில் களை எடுக்கவோ பருத்தி எடுக்கவோ போய்விட்டு வந்தவள்.

அதனால் கூலி வீடுகளில் அடுப்பு பெரும்பாலும் ஒரு வேளைதான் எரிந்தது, ராத்திரியில். காலையில் பழையது அல்லது கூழ். மதியத்துக்குத் தூக்குச்சட்டியில் கஞ்சி காட்டுக்குப் போகும். குடும்பத்தில் ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு வரப்பு. மூன்று வேளையும் வீட்டில் சுடச்சுடச் சமைத்து எல்லோரும் கூடி உண்ட குடும்பத்தை இந்த வீடுகளில் தேடினால் கிடைக்காது. பெண்கள் வேலைக்குப் போனதால் சமையல் கெட்டது என்று சொல்கிறவர்கள் எந்தப் பெண்களைப் பற்றிப் பேசுகிறார்கள்? நாற்று நடுகிறவளும் பீடி சுற்றுகிறவளும் தேயிலை பறிக்கிறவளும் எந்தக் காலத்தில் வேலைக்குப் போகாமல் இருந்தார்கள்?

சேர்ந்து சாப்பிட முதலில் சாப்பாடு வேண்டும். கீழத்தஞ்சையின் விவசாயத் தொழிலாளர்கள் கூலி நெல்லை உயர்த்திக் கேட்டுப் போராடிய நாட்களில்தான், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு என்று பாடப் புத்தகம் சொல்வதை அந்த வீட்டுப் பெண் உலையில் போட இன்னும் கொஞ்சம் அரிசி என்று புரிந்துகொண்டிருப்பாள். சமையலறையின் வரலாறு சமையலறைக்குள் தொடங்குவதில்லை.

வெளியே நடந்த பந்திப் போர்

தமிழ்நாட்டின் நவீன அரசியலில் சாப்பாட்டு வரிசைக்குப் பெரிய இடம் உண்டு. எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். தேசியக் கல்வி கொடுப்பதற்காகக் காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் பணமும் பெற்று நடந்த பள்ளி. அங்கே பிராமணச் சிறுவர்கள் இருவருக்குத் தனியாகச் சாப்பிட ஏற்பாடு இருந்தது தெரியவந்தபோது 1924, 1925ஆம் ஆண்டுகளில் பெரும் சர்ச்சை வெடித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டபோது பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். குருகுலத்துச் சாப்பாட்டு வரிசையின் கசப்பு அதற்கு முன்பே சேர்ந்திருந்தது.

அதன் பிறகு சுயமரியாதை மாநாடுகளில் சமபந்தி போஜனம் ஒரு கொள்கை நிகழ்ச்சியாகவே நடந்தது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனி இடம் ஒதுக்கும் வழக்கம் 1941இல் ஒழிந்தது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் ‘முரளி கஃபே’ முன்னால், பெயர்ப் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரித் தொடர் மறியல் நடந்தது. இன்றும் ஆகஸ்ட் 15 அன்று அறநிலையத் துறைக் கோயில்களில் பொது விருந்து நடக்கிறது; அமைச்சர்களும் அதிகாரிகளும் மக்களோடு பந்தியில் அமர்கிறார்கள். சேர்ந்து உண்பது என்பது நம் ஊரில் சும்மா ஒரு பழக்கம் அல்ல. யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுக்கிறோமோ அவரை மனிதராக ஏற்க மறுக்கிறோம் என்பதை இந்தப் போராட்டங்கள் ஊரறியச் சொன்னன.

இந்த வரலாற்றை வகுப்பில் நடத்தும்போது நான் ஒரு கேள்வி சேர்ப்பேன். சமபந்தியில் கலந்துகொண்டு வீடு திரும்பிய தோழர், வீட்டில் எந்தப் பந்தியில் சாப்பிட்டார்? சாதியை எதிர்த்துச் சமமாக உட்கார்ந்தவருக்கு அன்று இரவு சோறு போட்டவள், அவர் எழுந்த பிறகுதானே சாப்பிட்டிருப்பாள்? சுயமரியாதை இயக்கம் பெண்களைப் பற்றிப் பேசாமல் இல்லை. 1929இல் செங்கல்பட்டு மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வேறெந்த இயக்கமும் அன்று அந்தத் தூரம் போகவில்லை. ஆனாலும் ஓட்டல் பலகையை மாற்றிய வேகத்தில் அடுக்களை வாசலை யாரும் மாற்றவில்லை. அது ‘வீட்டு விஷயம்’ ஆகவே நின்றுவிட்டது.

அச்சில் ஏறிய கைப்பக்குவம்

1951இல் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வெளிவந்தது. அவர் இளம் வயதில் கணவரை இழந்தவர். பிராமண விதவைகளுக்கு அந்தக் காலத்து வீடுகள் வைத்த இடம் நமக்குத் தெரியும்: ஒரு வேளைச் சோறு, நல்ல காரியங்களில் முகம் காட்டக் கூடாது, ஆனால் சமையலறை முழுக்க அவள் தலையில். 1912 முதல் சகோதரி சுப்புலட்சுமி சென்னையில் இளம் விதவைகளுக்குக் கல்வி கொடுக்க முன்வந்தது இந்த வாழ்விலிருந்து அவர்களை வெளியே கொண்டுவரத்தான். மீனாட்சி அம்மாள் வேறொரு வழியில் வெளியே வந்தார். கைக்குள் இருந்த அறிவை அச்சுக்குள் கொண்டுபோனார். கல்யாணமாகிக் கணவனின் உத்தியோகத்துக்காகத் தொலைதூர ஊர்களுக்குப் போன பெண்கள் அந்தப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனார்கள். இன்றும் அது பல பதிப்புகளாகவும் வேறு மொழிகளிலும் கிடைக்கிறது.

அதை நான் இரண்டு விதமாகப் படிக்கிறேன். மாமியாரின் வாயிலிருந்து மட்டுமே கிடைத்த ஒன்றை, அளவோடும் வரிசையோடும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி அவர் பொதுவாக்கினார். சமையல் என்பது பெண்ணுக்குப் பிறவியிலேயே வரும் குணமல்ல, கற்றுக்கொள்ள வேண்டிய திறன் என்பதற்கு அந்தப் புத்தகமே சாட்சி. கற்றுக்கொள்ளக்கூடியது என்றால் ஆணும் கற்றுக்கொள்ளலாம் அல்லவா? இன்னொரு பக்கம், அச்சில் ஏறியது ஒரு சாதியின் சைவச் சமையல். கருவாட்டுக் குழம்புக்கும் குடல் கறிக்கும் நண்டு ரசத்துக்கும் அந்தப் புத்தகத்தில் அளவு இல்லை. அவற்றைச் சமைத்த பெண்களுக்கு எழுத்தறிவும் அச்சகமும் எட்டாத தூரத்தில் இருந்தன. அவர்களின் அறிவு நாக்கில் இருந்தது, கையில் இருந்தது, பல வீடுகளில் அவர்களோடே போய்விட்டது.

சமையலறை பெண்ணுக்குச் சிறையாக இருந்தது என்று சொல்லி நிறுத்திவிடவும் முடியாது. அது அவளுக்குக் கிடைத்த ஒரே அதிகாரமாகவும் இருந்தது. எவ்வளவு எண்ணெய் ஊற்றுவது, யாருக்கு எந்தத் துண்டு என்பதை அவள் முடிவு செய்தாள். சொத்தில்லாத இடத்தில், படிப்பில்லாத இடத்தில், பேச்சுக்கு மதிப்பில்லாத இடத்தில் அந்தச் சின்ன அதிகாரத்துக்காகத்தான் மாமியாரும் மருமகளும் சண்டையிட்டார்கள். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதை இதைத்தான் கண்முன் நிறுத்துகிறது. வீட்டின் மூலையில் ஒதுக்கிய இடத்தையே உலகமென்று நம்பவைப்பது எப்படி நடக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொன்ன கதை தமிழில் எனக்குத் தெரியாது.

கிரைண்டர் வந்த பிறகு

அடுத்து வந்தவை கருவிகள். 1950களில் கோயம்புத்தூரில் மாவரைக்கும் கிரைண்டர் உருவானது. பிரஷர் குக்கர் வந்தது. 1960களில் சமையல் எரிவாயு சிலிண்டர் நகரங்களுக்கு வரத் தொடங்கியது. மிக்ஸி வந்தது, ஃபிரிட்ஜ் வந்தது. 2006 தேர்தலுக்குப் பிறகு தி.மு.க. அரசு இலவச எரிவாயு அடுப்பும், 2011 தேர்தலுக்குப் பிறகு அ.தி.மு.க. அரசு இலவச மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுத்தன. ‘இலவசம்’ என்று இவற்றைக் கேலி செய்தவர்களில் பெரும்பாலோர் ஆட்டுக்கல்லில் ஒருநாளும் உட்கார்ந்திராதவர்கள். புகையில்லாத அடுப்பு என்றால் இருமல் இல்லாத அம்மா என்று பொருள்.

ஆனால் வேலை குறைந்ததா? அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில் ஒன்றைக் காட்டினார். வீட்டுக்குள் கருவிகள் வந்தபோது ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகள்தான் முதலில் மறைந்தன. அம்மாவின் வேலை மறையவில்லை. எதிர்பார்ப்பு கூடியதால் அது வேறு உருவம் எடுத்தது. நம் இட்லி இதற்கு நல்ல உதாரணம். ஆட்டுக்கல் காலத்தில் எங்கள் வீட்டில் இட்லி என்பது தீபாவளிக்கும் விருந்தாளி வந்தாலும்தான். கிரைண்டரும் ஃபிரிட்ஜும் வந்த பிறகு அது தினசரிக் காலைச் சாப்பாடானது. பழையதும் நீராகாரமும் குடித்துவிட்டுப் போன வீட்டில் இப்போது இட்லி, இரண்டு வகைச் சட்னி, ஒரு சாம்பார், பள்ளிக்கு ஒரு டப்பா, அலுவலகத்துக்கு ஒரு டப்பா. அம்மா அரைப்பதிலிருந்து விடுபட்டாள். ஆனால் ஐந்து மணிக்கு எழுவதிலிருந்து விடுபடவில்லை.

குடும்பம் முழுக்க ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற எண்ணமே இந்தக் கருவிகளோடும், சின்னக் குடும்பத்தோடும், சாப்பாட்டு மேசையோடும் வந்ததுதான் என்பது என் வாதம். அது பழைய மரபு அல்ல. நகரத்து நடுத்தர வர்க்கத்தின் புதிய ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் மேசையில் நான்கு நாற்காலி போட்ட பிறகும் நான்காவது நாற்காலி காலியாகவே இருந்தது. தோசை என்ற பண்டம் அப்படி. ஒருவர் கல்லடியில் நின்றால்தான் மற்றவர் சூடாகச் சாப்பிட முடியும். நின்றவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்து வரிசை

பெண் முதல் பந்தியில் உட்கார்ந்த இடம் எது என்று தேடினால், எனக்குக் கிடைக்கும் விடை வீடு அல்ல, பள்ளிக்கூடம்.

1920இல் நீதிக்கட்சியின் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கியது. 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் விரிந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். இவற்றைப் பட்டினியைப் போக்கிய திட்டங்கள், பள்ளிச் சேர்க்கையை உயர்த்திய திட்டங்கள் என்று படிக்கிறோம். சரிதான். நான் அதில் இன்னொன்றையும் பார்க்கிறேன். ஒரு சிறுமி தன் அண்ணனோடு ஒரே நேரத்தில், ஒரே வரிசையில், ஒரே அகப்பை அளவு சோற்றுக்குத் தட்டு நீட்டியது அங்கேதான். அவனுக்கு ஒரு முட்டை என்றால் அவளுக்கும் ஒரு முட்டை. வீட்டில் முட்டை யாருக்குப் போகும் என்பது எல்லா அக்காக்களுக்கும் தெரியும்.

சத்துணவுக்கூடம் பெண்களுக்கு வேலையும் கொடுத்தது. ஆதரவற்ற பெண்கள், விதவைகள் எனப் பலர் சமையலராகவும் உதவியாளராகவும் சேர்ந்தார்கள். வீட்டில் கூலியில்லாமல் செய்த வேலைக்கு அரசு முதன்முறையாகச் சம்பளம் போட்டது. ஆனால் முழுச் சம்பளம் அல்ல. முறையான காலமுறை ஊதியத்துக்காக அவர்கள் இன்றுவரை தெருவில் உட்கார்ந்து போராட வேண்டியிருக்கிறது. சமையல் என்றால் மலிவு என்ற கணக்கு வீட்டிலிருந்து அரசு அலுவலகம் வரை ஒரே கணக்கு.

சாதியும் அந்தக் கூடத்துக்குள் வந்தது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் தடுத்தார்கள். அவரை இடம் மாற்றினார்கள், எதிர்ப்பு எழுந்த பின் அதே இடத்துக்குத் திரும்பவும் அனுப்பினார்கள். சேரன்மாதேவிக்கும் அதற்கும் இடையில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தன. ‘வீட்டுச் சாப்பாடு’ என்று நாம் உருகிச் சொல்லும் சொல்லுக்குள் யார் கையால் சமைத்தது என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. அம்மா கை மணம் என்று சொல்லும்போது அது அன்பு. வெளியார் கை படக் கூடாது என்று சொல்லும்போது அது தீண்டாமை. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு நாம் நினைப்பதைவிட மெல்லியது.

மிச்சத்தின் கணக்கு

2019இல் ஒன்றிய அரசின் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்றது அது. அதிலும் ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் அந்த வேலையைச் செய்கிறார்கள். ஆண்களில் 26 பேர்தான் அதன் பக்கம் வருகிறார்கள். 299 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். விடுமுறையில்லை, ஓய்வு வயதில்லை.

சமைத்தவள் என்ன சாப்பிட்டாள்? 2019 முதல் 2021 வரை எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அதே வயது ஆண்களில் 25 விழுக்காடு. இத்தனை சத்துணவும் ரேஷன் அரிசியும் உள்ள தமிழ்நாட்டிலும் பெண்களில் 53 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. இரத்தசோகைக்கு மாதவிடாய், பிரசவம், குடற்புழு எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் கீரையும் மீனும் ஈரலும் கடைசிப் பந்திக்கு வந்து சேர்வதில்லை என்பதும் ஒரு காரணம். கடைசியில் சாப்பிடுவது தியாகம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். உடம்பு அதை வேறு மாதிரி குறித்துவைத்திருக்கிறது.

கடைசிப் பந்திக்குச் சோறு மட்டும் குறைந்து வரவில்லை, பேச்சும் வந்து சேரவில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பாவும் தாத்தாவும் இரண்டு மாமாக்களும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சாம்பார் முடிந்து ரசம் வருவதற்குள் என் படிப்பு முடிவாகியிருந்தது: வெளியூர் வேண்டாம், உள்ளூர்ப் பெண்கள் கல்லூரி போதும். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தது நான்தான். அம்மா அடுக்களையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரிடமும் யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்ற எண்ணத்தாலும் அல்ல. பேச்சு நடந்த இடத்தில் நாங்கள் உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான். நிலம் விற்பதும் சம்பந்தம் பேசுவதும் யாருக்குக் கடன் கொடுப்பது என்பதும் இப்படி இலை முன்னாலேயே முடிந்தன. எங்கள் காதில் விழுந்தது, இன்னும் கொஞ்சம் மோர் என்பது மட்டும்.

அதனால்தான் முக்கியம்

இத்தனையும் சொன்ன பிறகு, வீட்டுச் சமையல் வேண்டாம், கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிப்பேன் என்று நினைத்தால், இல்லை. களைத்த நாளில் மாவுப் பாக்கெட் வாங்குவதும் பார்சல் வாங்குவதும் குற்றமில்லை. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி எத்தனையோ கட்டடத் தொழிலாளிப் பெண்களின் காலை அடுப்பை மிச்சப்படுத்தியது. அதையும் சுய உதவிக் குழுப் பெண்கள்தான் நடத்தினார்கள். ஆனால் வீட்டில் சமைப்பதை விட்டுவிட்டால் நாம் இழப்பது ருசியை மட்டுமல்ல. எந்த மண்ணில் எது விளையும், எந்தப் பருவத்தில் எது உடம்புக்கு ஆகும், கையிலிருக்கும் காசில் ஐந்து பேருக்கு எப்படிப் போதவைப்பது என்று பெண்கள் தலைமுறைகளாகச் சேர்த்த அறிவு அது. அதை ஒரு நிறுவனத்தின் பாக்கெட்டுக்குக் கைமாற்றிவிட்டுப் பெண் விடுதலை என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை. இவ்வளவு முக்கியமான வேலையை வீட்டில் ஒருத்தி தலையில் மட்டும் வைப்பது சரியா என்பதுதான் கேள்வி.

தமிழக அரசு 2023 செப்டம்பர் 15 முதல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு மகளிர் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது. தொகை சிறியது. ‘உதவி’ என்று சொல்லாமல் ‘உரிமை’ என்று சொன்னது சிறியதல்ல. சமைப்பது உழைப்பு என்று ஏற்றுக்கொண்டால் அடுத்த கேள்விகள் தானாக வரும். உழைப்பு என்றால் பங்கு உண்டு, முறை உண்டு, விடுப்பு உண்டு.

இன்று என் வீட்டில் பரிமாறுவது என்ற வேலையே கிடையாது. சட்டிகள் நடுவில் வரும். எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் மூடி திறக்கும். தோசை நாளில் கல்லடியில் நிற்பது முறை வைத்து மாறும். என் மகனின் முறையில் தோசை கொஞ்சம் தடிமனாக இருக்கும், யாரும் குறை சொல்வதில்லை. மீன் வாங்கினால் துண்டு எண்ணித்தான் வைப்போம். அன்பிருக்கும் இடத்தில் எண்ணலாமா என்று அம்மா முதலில் முகம் சுளித்தாள். எழுபது வயதில் முதல்முறையாக நடுத்துண்டு தன் தட்டில் விழுந்ததும் பேசாமல் சாப்பிட்டாள். இப்போது சாப்பிடும் நேரத்தில் அவள்தான் அதிகம் பேசுகிறாள். எங்களுக்குத் தெரியாத குடும்பக் கதைகள் எத்தனையோ அந்த அரை மணி நேரத்தில் வெளியே வந்திருக்கின்றன.

மாணவிகளுக்கு நான் ஒவ்வொரு வருடமும் ஒரு வேலை கொடுக்கிறேன். உங்களிடமும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் வயதான பெண் ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். கல்யாணமான புதிதில் எத்தனை பேருக்குச் சமைத்தீர்கள், எதில் சமைத்தீர்கள், விறகு எங்கிருந்து வந்தது, தண்ணீர் யார் எடுத்தார்கள், நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், அப்போது சட்டியில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பிள்ளையாண்டிருந்தபோது ஆசைப்பட்டது கிடைத்ததா என்றும் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதுங்கள், ஊர் பெயரோடும் வருடத்தோடும். எந்த ஆவணக் காப்பகத்திலும் இது இல்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.